கல்யாணப் பத்திரிகையில் இடது கால்

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பந்தியில் மோர் ஊற்றும் நேரத்தில் யாராவது ஒருத்தர் அந்தப் பத்திரிகைக் கதையை எடுத்துவிடுவார். நாத்தனார் மேல் இருந்த எரிச்சலில், பத்திரிகையில் மணப்பெண் இடது காலை எடுத்து வைக்கிற மாதிரி மதினிக்காரி அடித்துவிட்டாள் என்பது கதை. அந்த மதினிக்காரி நான்தான். அதே பந்தியில் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். இப்படியே விட்டால் நான் செத்த பிறகும் சொல்வார்கள். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். மற்றவர்கள் மோரைக் குடித்துவிட்டு எழுந்து போகட்டும்.

எழுபதுகளின் கடைசி அது. அல்லிநகரத்தில் மாமனார் வீட்டில் இருந்தோம். மாமனாருக்கு பஜாரில் மிளகாய் வத்தல், மல்லி வியாபாரம். என் வீட்டுக்காரரும் அதே கடையில்தான். வீட்டில் மாமியார், நாத்தனார், நான். பின்னறை நாத்தனாருடையது. என் சாமான்களும் அங்கேதான் கிடந்தன. அவள் பாயை விரித்தால் நான் என் அட்டைகளை எடுக்க வேண்டும். நான் அட்டைகளை விரித்தால் அவள் பாயைச் சுருட்ட வேண்டும். இதற்காக நாங்கள் முறைத்துக்கொண்டது உண்டு. அதற்கு மேல் ஒரு பகையும் இல்லை. அவளுக்குக் கல்யாணம் ஆனால் அந்த அறையில் ஒரு மேசை போடலாம் என்று நான் நினைத்ததும் உண்மை. நினைக்காமல் இருக்க நான் என்ன சாமியாரா.

அட்டை என்று சொன்னது பொங்கல் வாழ்த்து அட்டை. அந்தக் காலத்தில் மார்கழி பிறந்ததுமே பஜார் கடைகளில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். சாமி, நடிகர், நடிகை, ரோஜாப்பூ, பூனைக்குட்டி. பொங்கலுக்கும் பூனைக்குட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கடைக்காரரைக் கேட்டிருக்கிறேன். பிடித்தால் வாங்கு, இல்லாவிட்டால் நகரு என்றார். நகர்ந்தேன். அன்றிலிருந்து வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகத் தேறிய ஒரே பாடம் டிராயிங்.

உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி அதில் பானை செதுக்குவேன். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் அதுவே பூ. செதுக்கவே வேண்டாம். சாயத்தில் தோய்த்து ஒத்தினால் ஐந்து இதழோடு விழும். வேலம்பிசினை ஊறவைத்துத் தடவி அதன்மேல் ஜிகினாத் தூளைத் தூவினால் கடை அட்டை பக்கத்தில் நிற்காது. தெருவில் நாலு பேர் கேட்டு வாங்கிப்போக ஆரம்பித்தார்கள். அத்தனை வருசமும் நான் செதுக்கியது பானை, கரும்பு, சூரியன், விளக்கு. இதில் எதற்கும் இடது வலது கிடையாது. இதை ஞாபகத்தில் வையுங்கள்.

நாத்தனாருக்கு ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒன்று ஜாதகம். இன்னொன்று, பெண் மாப்பிள்ளையைவிட ஒரு விரல்கடை உயரம் என்றார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்து, குனிந்தபடியே எழுந்து போவாள். மூன்றாவதாக வந்ததுதான் சுருளிப்பட்டி இடம். அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். மாப்பிள்ளைக்கு லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை. பேச்சு ஆரம்பித்த சமயம் பொங்கல் வந்தது. மரியாதைக்கு ஒரு வாழ்த்து போட வேண்டும் என்ற மாமனார், கடைக்குப் போகச் சோம்பல்பட்டு என் அட்டையில் ஒன்றை எடுத்துத் தபாலில் போட்டுவிட்டார்.

மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது அந்த அட்டையைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"அந்தப் பானை நீங்க போட்டதா?"

நாத்தனார் தலையை நிமிர்த்தினாள். "பானை மதினி போட்டது. ஜிகினா நான் தூவுனது."

"அதான பாத்தேன். பிரிச்ச அன்னைக்கு முழுக்க என் சட்டையெல்லாம் மின்னுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். அவர்கள் போன பிறகு அடுப்படிக்கு வந்து, நான் கேட்காமலேயே சொன்னாள்: "மதினி, இது மட்டும் தட்டிப்போகக் கூடாது." அவ்வளவுதான் சொன்னாள். எனக்கும் அப்போது மேசை நினைப்பு வரவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

நிச்சயம் ஆனது. கல்யாணப் பத்திரிகையின் முன்பக்கத்தை நான்தான் அடிக்க வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். உள்ளே உள்ள எழுத்தையெல்லாம் அச்சாபீஸில் அடித்துக்கொள்ளலாம். முன்னால் படம் மட்டும் நான். பிள்ளையாரையோ மாலையையோ போட்டுத் தொலைத்திருக்கலாம். இல்லை, மணப்பெண் வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் வருகிற மாதிரி வேண்டும், கையில் விளக்கு வேண்டும் என்றாள். யார் கேட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

உருளைக்கிழங்கு இதற்கு ஆகாது. நாலு அட்டை அடிப்பதற்குள் குழைந்துவிடும். ஆகவே செருப்புக் கடையில் பெரிய ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி, ஒற்றைச் செருப்பின் முன்பாதியை அறுத்தேன். நல்ல கெட்டியான ரப்பர். பிளேடு வைத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டும். வார் செருகுகிற ஓட்டை நடுவில் விழுந்தது. அந்த இடத்தை விளக்கின் சுடராக வைத்துக்கொண்டேன். மை படாத வட்டத்தில் ஜிகினா வைத்தால் சுடர் ஆகிவிடும். இதை யாரும் இதுவரை பாராட்டவில்லை.

மாமியார் பார்த்துவிட்டார்.

"என்னத்தா அது, செருப்பா?"

"ரப்பரு, அத்தை."

"ரப்பர்னா? செருப்பு ரப்பர்தான?"

"கால்ல போடாத புதுச் செருப்பு."

"செருப்பால அடிச்ச பத்திரிகையக் கொண்டுபோய்க் குலசாமி முன்னால வைக்கச் சொல்றியா? நீ என்ன மனுசியா?"

நாத்தனார் குறுக்கே வந்து கெஞ்சினாள். கடைசியில் மாமியாரே ஒரு வழி செய்தார். ரப்பரை வாங்கி மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்து, விளக்குக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டார். திரும்பி எங்களிடம் சொன்னார்: "இனிமே இது செருப்பு இல்ல. யாரு கேட்டாலும் ரப்பரு. மீறிச் சொன்னவ வாய்ல சூடு போடுவேன்."

படத்துக்கு நாத்தனாரையே நிலைப்படியில் நிற்கவைத்தேன். நான் நடுவீட்டில் அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். அவள் ஒரு செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். கால் வலிக்கிறது என்று முனகினாள். அசையாதே என்று திட்டினேன். வலது கால்தான். நன்றாகப் பார்த்துத்தான் வரைந்தேன். வரைந்ததை அப்படியே ரப்பரில் செதுக்கினேன்.

அச்சாபீஸ்காரர் ஒரு கொட்டாங்குச்சியில் சிவப்பு மை வழித்துக் கொடுத்தார். கறுப்பு மை கல்யாணத்துக்கு ஆகாது. பழைய போட்டோச் சட்டத்தின் கண்ணாடியை எடுத்து அதில் மையைத் தேய்த்தேன். மை கெட்டியாக இருந்ததால் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய். ஸ்பாஞ்சை வேட்டித் துணியில் கட்டி அதால் ரப்பரில் ஒத்தி, அதன்மேல் அட்டையை வைத்து, அதன்மேல் மணைப் பலகையை வைப்பேன். கையால் அமுக்கினால் ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் விடும். நான் ஒல்லி. ஏறி உட்கார்ந்தாலும் பலகைக்குத் தெரியாது. ஆகவே நாத்தனார்தான் உட்கார்ந்தாள். நான் "உக்காரு" என்பேன், உட்காருவாள். "எந்திரி" என்பேன், எழுந்திருப்பாள். தன் கல்யாணப் பத்திரிகை முழுவதையும் அவளேதான் உட்கார்ந்து அடித்தாள். பந்தியில் கதை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அடித்ததைத் துணிக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டோம். வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. பத்திரிகைக்கு அடியில் குனிந்துதான் எல்லாரும் போனார்கள், வந்தார்கள். மாமனார் பார்த்தார். வீட்டுக்காரர் பார்த்தார். மாமியார் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பால்காரர்கூட "சினிமா பேனர் கெணக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருத்தர் வாயிலிருந்தும் கால் என்ற சொல் வரவில்லை.

போடியில் இருந்து தாய்மாமன் வந்தார். மாமியாரின் தம்பி. ஏலக்காய் வியாபாரம். ஒரு காயை வாயில் போட்டுக் கடித்து, மூட்டையையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஏத்தா, இது எந்தக் காலு?"

"வலது காலு" என்றேன்.

"எனக்கு இடதாத் தெரியுதே."

"நீங்க எதுக்க இருந்து பாக்குறீக. எதுக்க இருந்தா அப்பிடித்தான் தெரியும்."

"அப்பிடியா? சரி." பத்திரிகையை எடுத்து, படம் வெளியே தெரிகிற மாதிரி தன் நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். எழுந்து வாசலுக்குப் போய் எங்களைப் பார்த்து நின்றார். "இப்ப நானும் பொண்ணும் ஒரே பக்கம் பாத்து நிக்கிறோம். பொண்ணு காலு எங்குட்டு இருக்கு?" குனிந்து பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். அவர் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

மாமனார் நம்பவில்லை. பத்திரிகையைப் பிடுங்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். அவரும் இடது காலோடு வந்தார். மாமியார் வந்தார். அதே இடது கால். தெருவில் போன ஒருத்தர் என்ன சடங்கு என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் போகவில்லை. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் பத்திரிகையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியில பாத்தா சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப பத்திரிகைக்கு ஒரு கண்ணாடி வச்சுக் குடுப்பமா மாப்ள?" என்றார் தாய்மாமன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அச்சு எதையும் திருப்பித்தான் போடும். பானையைத் திருப்பினாலும் பானை. வலது காலைத் திருப்பினால் இடது கால். அச்சாபீஸில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கி வைத்திருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எழுத்துக்கு அப்படி என்று தெரியும். காலுக்கும் அப்படித்தான் என்று எவன் சொன்னான்?

"வேணும்னே பண்ணுன மாதிரி இருக்கு" என்றார் தாய்மாமன், யாரையும் பார்க்காமல். பந்திக் கதைக்கு விதை அங்கே விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தால் மரியாதை நிற்காது. "இத்தன நாளா கொடியில தொங்குச்சு. இந்த வீட்ல எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு கண்ணு இருக்கு. எனக்கு மட்டும் ஏன் நாலு இருக்கணும்?" என்றேன்.

"அத்தைக்காரி முன்னால பேசுற பேச்சா இது" என்றார் அவர்.

நாத்தனார் மணைப் பலகையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "மதினிய விடுங்க மாமா. நான்தான் உக்காந்து அடிச்சேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "காலை மறைச்சுருவமா மதினி?" என்றாள்.

திரும்ப அடிக்க வழி இல்லை. உள்பக்கம் அச்சாகி முடிந்துவிட்டது. அந்த அட்டைத்தாள் மதுரையிலிருந்து வரவேண்டும். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. மறைப்பதுதான் வழி. சந்தையில் வெண்டைக்காயாக வாங்கிக் குவித்தோம். நறுக்கி, பிசினில் தோய்த்து, பெண்ணின் பாதத்து மேல் ஒத்தி, ஜிகினாவைக் கொட்டினோம். தங்கப்பூப் பாதையில் பெண் நடந்து வருகிற மாதிரி ஆயிற்று. உண்மையைச் சொன்னால் முன்னைவிட அழகாகவே இருந்தது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் வெண்டைக்காய்க் கறி, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, வெண்டைக்காய்ப் பச்சடி. எல்லாவற்றிலும் ஜிகினா. மாமனார் மீசையில் ஜிகினாவோடு கடைக்குப் போனார். வத்தல் வாங்கின ஒருத்தர் திரும்பி வந்து சண்டை போட்டார். "என்ன அண்ணாச்சி, வத்தல் மின்னுது. சாயம் கலந்துட்டீகளா?" மாமனார் வீட்டுக்கு வந்து என்னிடம் பேசவில்லை. நான் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்திரிகை மாப்பிள்ளை வீட்டுக்கும் போனது. ஒன்றும் தகராறு இல்லை என்று இருந்தோம். ஒருநாள் காலையில் மாப்பிள்ளையின் அம்மாவும் அந்த அம்மாவின் தங்கச்சியும் ஒரு கூடைத் திராட்சையோடு வந்து இறங்கினார்கள். தேனிக்குப் பாத்திரம் எடுக்க வந்தோம், அப்படியே மருமகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார்கள். முன்னறையில் அடுப்படி வரைக்கும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

தண்ணீர் கேட்டார்கள். மாமியார் எழுந்தார். "நீங்க உக்காருங்க மதினி. மருமக கொண்டுவரட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நாத்தனார் கொண்டுவந்தாள். "தண்ணி வேணாம்த்தா, மோரு இருந்தாக் குடு." போய் மோர் கொண்டுவந்தாள். "உப்பு கம்மியா இருக்கு." போய் உப்பு கொண்டுவந்தாள். "அந்தச் சன்னலைச் சாத்துத்தா, வெயிலு அடிக்குது." சாத்தினாள். "புழுக்கமா இருக்குல்ல, தொறந்துரு." திறந்தாள். தன்னை அதிகாரத்தோடு வேலை ஏவுகிறார்களே, சொந்தமாகிவிட்டோமே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. பறந்து பறந்து செய்தாள்.

நான் அடுப்படிக் கதவில் நின்று பார்த்தேன். அந்த ரெண்டு பேரும் அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியம்மா, எதைத் தேடுறீகன்னு சொன்னா எடுத்துக் குடுத்துருவேன்" என்றேன்.

"ஒண்ணும் தேடலையேத்தா" என்றார் தங்கச்சிக்காரர்.

"வந்ததுல இருந்து கீழயே பாக்குறீகளே."

மாப்பிள்ளையின் அம்மா சுருக்குப் பையிலிருந்து மடித்த பத்திரிகையை எடுத்து விரித்தார். "இந்தப் பொண்ணுக்குக் காலு எங்கத்தா?"

பூவின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"நான் ஒளிச்சுப் பேசல. எங்க ஊருல இதை வாங்குன பொம்பள அம்புட்டுப் பேரும் இதைத்தான் கேக்குறாளுக. மேல நகை நட்டு எல்லாம் வெவரமாப் போட்டுருக்கு, காலை மட்டும் ஏன் பூவப் போட்டு மூடியிருக்காக, பொண்ணுக்குக் காலு கீலு ஊனமான்னு கேக்குறாளுக. பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் முன்னாடியே உக்கார வச்சுட்டீக. நடந்து பாக்கல. எம் மகன்கிட்ட, ஏலே, காலைப் பாத்தியான்னு கேட்டேன். மூஞ்சியத்தான் பாத்தேங்கிறான். அவனைக் கேட்டு என்ன ஆகப்போகுது?"

நாத்தனார் உப்புக் கிண்ணத்தோடு நின்றாள். பூரிப்பெல்லாம் போய், பழைய மாதிரி தலை குனிய ஆரம்பித்தது. இதுவும் தட்டிப்போகிறது என்று அவள் நினைத்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய் ரப்பரை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் கையில் இருந்த பத்திரிகையை வாங்கி, நகத்தால் ஜிகினாவைச் சுரண்டினேன். கால் தெரிந்தது.

"காலு இருக்கு பாருங்க. இடது காலா விழுந்துருச்சு, அதான் மூடுனோம். இந்தா இதுல செதுக்குனது வலது காலு. அச்சுல மாறிப்போச்சு. அவ காலுல ஒண்ணுமில்ல."

மாமியார் எனக்குக் கண்ணைக் காட்டினார். கையைக் காட்டினார். இருமினார். ரப்பரை ஏன் எடுத்து வந்தாய் என்று கேட்கிறார் என்பது எனக்கு உறைப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா அதை வாங்கிக்கொண்டார். செதுக்கின பக்கத்தைப் பார்த்தார். திருப்பினார். பின்னால் செருப்பின் வரி வரியான கட்டம், நடுவில் வார் ஓட்டை.

தங்கச்சிக்காரர் எட்டிப் பார்த்தார். "இது செருப்புல்ல?"

"ரப்பரு" என்றார் மாமியார். "மஞ்சத்தண்ணியில முக்குனது."

மஞ்சத்தண்ணியை யாரும் கேட்கவில்லை; அதைச் சொன்னதிலேயே செருப்புதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். சூடு போடுவதாக இருந்தால் அவர் வாயில்தான் போட்டிருக்க வேண்டும். இப்போது மூடின கால் இடது கால், இடது கால் வந்தது செருப்பிலிருந்து. ஒரு கல்யாணத்தை நிறுத்த இதில் பாதி போதும்.

நாத்தனார் உப்புக் கிண்ணத்தைச் சன்னலில் வைத்தாள். சேலையைக் கணுக்கால் தெரியத் தூக்கிச் செருகினாள். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கித் திரும்பி நின்றாள். "அத்தை, இங்கன வந்து நல்லாப் பாத்துக்கங்க" என்றாள். தெருக்குழாய் வரைக்கும் நடந்தாள். திரும்பி வந்தாள். "ஓடிக் காட்டவா?" பதிலுக்கு நிற்காமல் ஓடினாள். குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். திரும்ப ஓடி வந்து, மூச்சிரைக்க, "ஒத்தக் கால்ல நிக்கட்டுமா? இந்தக் காலா, அந்தக் காலா, நீங்களே சொல்லுங்க. எந்தக் காலுன்னாலும் நிப்பேன். கல்யாணத்தை மட்டும் நிப்பாட்டாதீக" என்றாள்.

எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "யாருத்தா நிப்பாட்டுனா? உள்ள வந்து உக்காரு. இளைக்குது பாரு" என்றார். உள்ளே வந்து மோரை எடுத்துக் குடித்தார். உப்பைப் பற்றிப் பேசவில்லை. போகும்போது ரப்பரை என் கையில் திணித்து, "இந்தச் சங்கதிய எங்க ஊட்டுல யாருகிட்டயும் சொல்லிறாதீக. அவுக அப்பாவுக்குத் தெரிஞ்சா ஆடித் தீத்துருவாக" என்றார். நாத்தனாரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எங்க வாசல்ல வலது காலை வச்சுருத்தா. ஊரே பாக்கும்."

ஊரே பார்த்தது. கம்பம் டவுனில் தாலி கட்டி முடிந்து, சுருளிப்பட்டியில் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வந்தோம். பத்திரிகையில் கால் இல்லாத பெண்ணுக்குக் கால் இருக்கிறதா என்று பார்க்க வந்த கூட்டம், பந்திக்கு வந்த கூட்டத்தைவிட அதிகம். பெண்வீட்டார் நாங்கள் பின்கட்டு வழியாக முதலிலேயே உள்ளே போய்விட்டோம். ஆரத்தி எடுத்தார்கள். நாத்தனார் ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கைவிரலை மாப்பிள்ளை பிடித்திருந்தார்.

"வலது காலு, வலது காலு" என்று எல்லாரும் சொல்ல ஆரம்பித்தார்கள். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. காட்டவும் செய்தார்கள். உள்ளே நின்ற ஒவ்வொருத்தரும் தங்கள் வலது தொடையைத் தட்டி, "இந்தக் காலுத்தா, இந்தா, இங்குட்டு" என்று வலது பக்கம் கையை நீட்டினார்கள். அவளுக்கு எதிரே நிற்கிறவர்களின் வலது பக்கம் அவளுக்கு என்ன பக்கம்? இடது. பின்னால் தெருவிலேயே நின்றுவிட்ட போடி தாய்மாமன், "அதில்லத்தா, அங்குட்டு, அங்குட்டு" என்று கத்தினார். அவர் ஒருத்தர்தான் சரியாகச் சொன்னார். அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அவள் ஒரு காலைத் தூக்கினாள். "அதில்ல" என்றார்கள் பாதிப் பேர். கீழே வைத்தாள். மறுகாலைத் தூக்கினாள். "ஐயோ அதில்ல" என்றார்கள் மீதிப் பேர். கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "எது மதினி?" என்பது போலப் பார்த்தாள். நானும் எதிரேதான் நின்றேன். பதற்றத்தில் நானும் என் வலது தொடையைத் தட்டிக் காட்டினேன்.

அவள் ரெண்டு காலையும் சேர்த்து ஒரே குதியாகக் குதித்து உள்ளே வந்தாள். கைவிரலைப் பிடித்திருந்த மாப்பிள்ளையும் சேர்ந்து உள்ளே வந்து விழுந்தார். அவர் எந்தக் காலை முதலில் வைத்தார் என்று இன்றுவரை ஒருத்தரும் விசாரித்ததில்லை.

மாப்பிள்ளையின் அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் சம்சாரம் முந்திக்கொண்டார். "ரெண்டு காலும் ஒண்ணா வந்துருச்சு. அதுல வலதும் இருக்கு. நேரமாகுது, விளக்கை ஏத்துங்க."

இதுதான் நடந்தது. பெண் இடது காலை வைக்கவில்லை. நானும் வேண்டுமென்றே எதையும் செய்யவில்லை. இதை நாத்தனார் பந்தியில் எழுந்து சொல்லலாம். சொல்ல மாட்டாள். கதை நடக்கும்போது எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறவள் அவள்தான். பிறகு என் இலையில் ஒரு அப்பளம் சேர்த்து வைப்பாள். அதுதான் எனக்குக் கிடைக்கிற நியாயம்.

பின்னறையில் மேசை போட்டேன். முதல் வாரம் நன்றாக இருந்தது. பிறகு "உக்காரு, எந்திரி" சொல்ல ஆள் இல்லாமல் அச்சு ஒரு பக்கம் அழுந்தி ஒரு பக்கம் விட்டது. வீட்டுக்காரரை உட்காரச் சொன்னேன். அவர் பலகையில் உட்கார்ந்ததும் தூங்குகிற ஆள்.

அடுத்த பொங்கலுக்கு வாழ்த்தை நேரிலேயே கொடுத்துவிட்டு வரலாம் என்று லோயர் கேம்ப் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். பானைதான் போட்டிருந்தேன். அவள் காபி போட உள்ளே போனாள். மாப்பிள்ளை முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். சவரக் கண்ணாடியில் அவர் முகத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு நேர் எதிர்ச்சுவரில் கல்யாணப் பத்திரிகையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பாதத்தில் இருந்த ஜிகினாவைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். திரும்பவும் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் பெண் வலது காலை எடுத்து வைத்து வந்துகொண்டிருந்தாள்.

"சொவத்துல பாக்காதீக அக்கா. இங்கன இருந்து பாருங்க" என்றார் அவர், கன்னத்தில் நுரையோடு.

சரியாகத்தான் இருந்தது. நான் செதுக்கினபடியே இருந்தது.